சின்னத் தொண்டு நிறுவனத்துக்கு 6 லட்சம்: பணமா, பயிற்சியா, ஆளா?

வருஷா வருஷம் அரிசி மூட்டையும் நோட்டுப் புத்தகமும் வாங்கிக் கொடுத்துவந்த பலர் இப்போது வேறொன்றைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். குடும்ப அறக்கட்டளை வைத்திருப்பவர்கள், பழைய மாணவர் சங்கத்தினர், ரோட்டரி நண்பர்கள் எல்லோருமே. “இந்தத் தடவை அந்த நிறுவனமே நிலைத்து நிற்கிற மாதிரி ஏதாவது செய்யலாம். 5, 6 லட்சம் வரை ஒதுக்க முடியும். எதற்குக் கொடுப்பது?” இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. குழந்தைகளையும் முதியவர்களையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளும் அமைப்புகள்கூடக் கணக்கு, படிவம், ரிப்போர்ட் என்று வரும்போது மூச்சுத் திணறுவதை நம் மாவட்டங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் திணறலைக் குறைக்கக் கொடுக்கிற பணம், ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற பணத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

இங்கே சின்ன நிறுவனம் என்று நான் சொல்வது வருஷத்துக்கு 10 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை வரவு செலவு உள்ள, ஐந்திலிருந்து பதினைந்து பேர் வேலை பார்க்கிற இடத்தை. சிறப்புக் குழந்தைகளுக்கான பகல்நேர மையம், முதியோர் இல்லம், மாலைநேர வகுப்பு நடத்தும் டிரஸ்ட், இப்படி. நிறுவனர்தான் அங்கே தலைமையாசிரியர், நிதி திரட்டுபவர், சில நாள் வேன் டிரைவரும்கூட. கணக்கு எழுதுவது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நடக்கிற வேலை.

இப்படிப்பட்ட நிறுவனத்துக்கு 6 லட்சத்தை வைத்து என்ன செய்யலாம்? நிபந்தனை இல்லாமல் பணமாகவே கொடுக்கலாம். பயிற்சி வகுப்பு நடத்தலாம். ஆலோசகரை அமர்த்தித் தரலாம். கணினியும் மென்பொருளும் வாங்கிக் கொடுக்கலாம். முழுநேர ஊழியர் ஒருவரின் சம்பளத்தை ஏற்கலாம். அல்லது பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஐந்து நிறுவனங்களுக்குப் பொதுவாக ஒரு கணக்காளரை வைக்கலாம். என் சாய்வு கடைசியாகச் சொன்னதன் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

சுமை எங்கே இருக்கிறது

கடந்த சில வருஷங்களில் சட்டம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது நன்கொடை கொடுப்பவர்கள் பலருக்குத் தெரியாது. முன்பெல்லாம் 12ஏ (நிறுவனத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை) பதிவை ஒருமுறை வாங்கினால் அதை ஃபிரேம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 2021 ஏப்ரல் முதல் அந்தப் பதிவுக்கு ஐந்து வருஷ ஆயுள்தான். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதலில் மூன்று வருஷத் தற்காலிகப் பதிவு, பிறகு மறுபடி விண்ணப்பம். 2021-ல் புதுப்பித்தவர்களின் பதிவு 2026 மார்ச் 31 வரைதான். அதற்கான விண்ணப்பத்தை 2025 செப்டம்பர் 30-க்குள் போட்டிருக்க வேண்டும். தவறவிட்டால் வரிச்சலுகை போவதோடு நிற்பதில்லை. நிறுவனத்தின் நிகரச் சொத்து மதிப்பின் மேலேயே உச்சபட்ச விகிதத்தில் வரி கட்டச் சொல்லவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2025-ன் நிதிச் சட்டம் 5 கோடிக்குக் கீழ் வருமானம் உள்ளவர்களுக்குப் பத்து வருஷ 12ஏ பதிவுக்கு வழி செய்தது பெரிய ஆறுதல். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. எல்லோருக்கும் பழகிய பழைய எண்களையே இங்கே சொல்கிறேன்.

அப்புறம் 10பிடி என்ற படிவம். ஒரு நிதியாண்டில் யார் யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள் என்ற பட்டியலை மே 31-க்குள் வருமான வரித் துறையின் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அபராதம் தனி, அது 10,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் வரை போகலாம். பட்டியலை ஏற்றினால்தான் நன்கொடையாளருக்கு 10பிஇ சான்றிதழ் கிடைக்கும். அது இல்லாமல் அவர் 80ஜி விலக்குக் கேட்க முடியாது.

ஒரு சின்ன மையத்தின் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் இதன் கனம் புரியும். மூன்று தாள் ரசீது, நடுவில் நீலக் கார்பன். ஒரு பக்கத்தில் “ரமணி அம்மா, 500”. அடுத்ததில் “பேங்க் நண்பர் மூலம், 2000”. அதற்கடுத்து “பிறந்தநாள் சாப்பாடு, 3500”, பெயரே இல்லை. சட்டம் ஒவ்வொன்றுக்கும் பெயர், முகவரி, பான் அல்லது ஆதார் போன்ற ஏதாவதொரு அடையாள எண், ரொக்கமா வங்கி வழியா என்ற விவரம் எல்லாம் கேட்கிறது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி கிடையாது. பெயர் தெரியாத நன்கொடை மொத்தத்தில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. இதெல்லாம் ஏப்ரலில் உட்கார்ந்து சரிசெய்கிற விஷயம் இல்லை. பிறந்தநாள் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தவர் ஆகஸ்டில் வந்துவிட்டுப் போனவர். அவருடைய பான் எண்ணை மறு வருஷம் மே மாதத்தில் எங்கே போய்த் தேடுவது? ரசீது எழுதும் அன்றைக்கே கேட்கிற பழக்கம் வந்தாக வேண்டும்.

நிறுவனத்தின் திறனை வளர்ப்பது என்றால் முதலில் இந்தப் பழக்கத்தை வளர்ப்பது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். தொலைநோக்குத் திட்டம், இணையதளம், வீடியோ எல்லாம் அதற்குப் பிறகு. எந்த வகை உதவி இந்தப் பழக்கத்தை உண்டாக்குகிறது என்பதை வைத்தே மேலே சொன்ன வழிகளை எடைபோடுகிறேன்.

பணமாகவே கொடுத்தால்

இதற்கு ஆதரவான வாதம் வலுவானது. அந்த நிறுவனத்துக்கு என்ன தேவை என்று நம்மைவிட அவர்களுக்குத் தெரியும், நிபந்தனை போட நாம் யார்? பெரிய அளவில் இதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். எடெல்கிவ் அறக்கட்டளை 2021-ல் ஆரம்பித்த குரோ ஃபண்ட், 100 நிறுவனங்கள், 100 கோடி ரூபாய், 24 மாதம் என்று திட்டமிட்டு, புராஜெக்ட் செலவு தவிர்த்த நிர்வாகத் தேவைகளுக்கென்றே பணம் கொடுத்தது. பிரிட்ஜ்ஸ்பேன் என்ற ஆலோசனை அமைப்பு இந்தியாவின் 40 தொண்டு நிறுவனங்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது மறைமுகச் செலவு (எந்த ஒரு புராஜெக்ட்டிலும் நேரடியாகச் சேராத நிர்வாகச் செலவு) நிறுவனத்துக்கு நிறுவனம் 5 சதவீதத்திலிருந்து 51 சதவீதம் வரை வேறுபட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி “நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான்” என்று பிடிவாதம் பிடிப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால் 6 லட்சத்தை ஆறு நிறுவனங்களுக்குத் தலா ஒரு லட்சமாகப் பிரித்துக் கொடுத்தால் என்ன நடக்கும்? இரண்டு மாதச் சம்பள பாக்கி தீரும். ஒழுகுகிற கூரை சரியாகும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் அதுதான் சரியான செலவு. ஆனால் அவசரம் எப்போதும் முன்னால் வந்து நிற்கும், கணக்குப் புத்தகம் பின்னால் போய்விடும். அடுத்த மே மாதமும் அதே திணறல்தான். அதனால் நான் இப்படிப் பிரிக்கிறேன். ஒரு நிறுவனம் சம்பளமே கொடுக்க முடியாத நெருக்கடியில் இருந்தால் பணத்தைக் கொடுங்கள், அதற்குத் திறன் வளர்ப்பு என்று பெயர் வைத்து ரிப்போர்ட் கேட்காதீர்கள். ஏற்கெனவே கணக்கு ஒழுங்காக வைத்திருக்கும் நிறுவனம் என்றாலும் பணமாகவே கொடுங்கள். அவர்களுக்கு அதைவிட மதிப்புள்ள உதவி கிடையாது. இந்த இரண்டு முனைக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் வேறு வழி தேட வேண்டியிருக்கிறது.

கொடுப்பவர் தரப்பில் ஒரு கணக்கும் இருக்கிறது. பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்று இன்னொரு பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தால், 2023-ன் நிதிச் சட்டத்துக்குப் பிறகு அதில் 85 சதவீதம்தான் தர்ம காரியத்துக்குச் செலவழித்ததாக ஏற்கப்படும். 6 லட்சம் கொடுத்தால் 5,10,000 ரூபாய்தான் கணக்கில் ஏறும். அதே பணத்தை உங்கள் அறக்கட்டளையே நேரடியாகச் செலவழித்து அந்த நிறுவனங்களுக்குச் சேவையாக வழங்கினால் இந்தக் குறைப்பு வராது. டிரஸ்ட் டீடில் (அறக்கட்டளைப் பத்திரத்தில்) இப்படிப்பட்ட வேலைக்கு இடம் இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பயிற்சி வகுப்பும் கணினியும்

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருச்சியில் ஒரு ஹால், இரண்டு நாள், முப்பது நிறுவனங்கள், மதியச் சாப்பாடு, கையில் ஒரு ஃபைல். போட்டோவில் நன்றாக இருக்கும். வருபவர் பெரும்பாலும் நிறுவனராக இருப்பார், கணக்கு எழுதுகிறவர் ஊரிலேயே இருப்பார். கணக்கு எழுதுகிறவரே வந்தாலும், திரும்பிப் போய் முதல் வவுச்சரில் சந்தேகம் வரும்போது கேட்க ஆள் இல்லை. அடுத்த வருஷம் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் கற்றதும் அவரோடு போய்விடும். பயிற்சியால் கிடைக்கிற நிஜமான லாபம், ஒரே கஷ்டத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பது. அதற்கு அரை நாள் கூட்டம் போதும், செலவு சில ஆயிரம்தான்.

கணினி, மென்பொருள் விஷயமும் இப்படித்தான். நல்ல லேப்டாப் ஒன்றும் டேலி என்ற கணக்கு மென்பொருளும் இருந்தால் இந்த அளவு நிறுவனத்துக்குப் போதுமானது. மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு போன்றவற்றை கூகுள் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு இலவசமாகவே தருகிறது, அதற்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். தனியாக ஒரு செயலி உருவாக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். உருவாக்கியவர் போன பிறகு அதைப் பராமரிக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆலோசகர்

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஏனென்றால் கார்ப்பரேட் பின்னணியிலிருந்து வருகிற நன்கொடையாளர்களுக்கு இதுதான் முதலில் தோன்றுகிறது. அனுபவமுள்ள ஒருவரை அமர்த்தி, நிறுவனத்தை ஆய்வு செய்யச் சொல்லி, மூன்றாண்டுத் திட்டம் ஒன்று எழுதி வாங்கலாம். கேட்க நியாயமாக இருக்கிறது.

என் அனுபவத்தில் அது இப்படி முடிகிறது. ஆலோசகர் மூன்று, நான்கு முறை வருகிறார். நல்ல கேள்விகள் கேட்கிறார். ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் வருகிறது. அதில் சொல்லியிருப்பது எல்லாமே சரி: இரண்டாம் நிலைத் தலைமையை உருவாக்க வேண்டும், நிதி ஆதாரங்களைப் பரவலாக்க வேண்டும், டிரஸ்டிகள் கூட்டத்தை முறையாக நடத்த வேண்டும். ஆனால் யார் செய்வது? ராத்திரி ஒன்பது மணிக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அதே நிறுவனர்தான். செய்ய வேண்டியவற்றின் பட்டியல் நீண்டிருக்கிறது, செய்வதற்கான கைகள் கூடவில்லை.

ஆலோசகரே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எல்லை தெளிவாக உள்ள, ஒரு தடவை செய்து முடிக்கிற வேலைகளுக்கு அவர்தான் வேண்டும். டிரஸ்ட் டீடைத் திருத்துவது, பதிவுப் புதுப்பிப்பில் வருமான வரித் துறை கேள்வி கேட்டால் பதில் தயாரிப்பது, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள் புகார்க் குழு அமைப்பது, குழந்தைகள் இல்லம் என்றால் 2015-ன் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்வது போன்றவை. மும்பையின் சென்டர் ஃபார் அட்வான்ஸ்மெண்ட் ஆஃப் ஃபிலாந்த்ரபி, நொய்டாவின் எஃப்எம்எஸ்எஃப் போன்ற அமைப்புகள் இந்தத் துறையில் வருஷக்கணக்காக ஊறியவை. ஊரிலேயே நல்ல ஆடிட்டர் ஒருவரும் இருப்பார். இதற்கென 6 லட்சத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கலாம். முழுவதையும் வேண்டாம்.

சொந்தமாக ஒரு ஆள்

முழுநேரக் கணக்காளர் ஒருவரின் சம்பளத்தை இரண்டு வருஷம் ஏற்றுக்கொள்வது கேட்க மிகச் சரியாகத் தெரிகிற வழி. வருஷ வரவு செலவு 60 லட்சத்தைத் தாண்டி, இரண்டு மூன்று ஃபண்டர்களுக்குத் தனித்தனியாகக் கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனத்துக்கு இதையே நானும் சொல்வேன்.

20 லட்ச ரூபாய் நிறுவனத்துக்கு இது ஒத்துவராது. முதலில், மாதம் முழுவதும் செய்வதற்கு அங்கே கணக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நேரத்தில் அவர் விடுதியைப் பார்த்துக்கொள்வார், வேனில் போவார், விருந்தினருக்கு இடத்தைச் சுற்றிக் காட்டுவார். ஆறே மாதத்தில் கணக்கு மறுபடி பின்னுக்குப் போய்விடும். ஆள் பற்றாக்குறையான இடத்தில் அது இயல்பு, யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டாவது, உங்கள் பணம் முடிகிற அன்றைக்கு மாதம் 20,000 ரூபாய் சம்பளத்தை அந்த நிறுவனம் தானே ஏற்க வேண்டும். அதன் வருமானத்தில் அதற்கு இடமே இருக்காது.

ஐந்து பேருக்கு ஒருவர்

இனி பொதுக் கணக்காளர் யோசனை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பி.காம் படித்து, டேலி தெரிந்து, ஐந்தாறு வருஷ அனுபவம் உள்ள ஒருவருக்கு மாதம் 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போக்குவரத்துக்கு மாதம் 3,000. வருஷத்துக்கு 3 லட்சம், இரண்டு வருஷத்துக்கு 6 லட்சம். ஐந்து நிறுவனங்களுக்குப் பிரித்தால் தலைக்கு மாதம் 5,000 ரூபாய். ஒரு நிறுவனத்துக்கு மாதம் நான்கு நாள் என்றால் இருபது நாள் ஆகிறது. மீதி நாட்கள் போர்ட்டல் வேலைக்கும் ஆடிட்டரைப் பார்க்கவும்.

இடம் முக்கியம். ஐந்தும் ஒரே பஸ் பயணத்தில் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். உதாரணத்துக்குத் திண்டுக்கல்லில் வீடு இருக்கிற ஒருவர் நத்தம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு என்று போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். கல்யாணம், குழந்தை என்று நகரத்து வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருக்கும் பி.காம் படித்த பெண்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள் என்பது என் யோசனை. வேலை நேரத்தை அவர்களுக்குத் தோதாக வைத்தால் விட்டுவிட்டுப் போகவும் மாட்டார்கள்.

அந்த நான்கு நாளில் என்ன நடக்கும்? முதல் நாள் காலையில் ரொக்கப் பெட்டியை எண்ணி ரொக்கப் புத்தகத்தோடு ஒப்பிடுவார். அப்புறம் செலவுச் சீட்டுகள். காய்கறிக் கடைக்காரர் பில் கொடுக்கமாட்டார், ஒரு துண்டுச் சீட்டில் “கத்திரி, உருளை, 640” என்று எழுதிக் கொடுத்திருப்பார். அதைத் தூக்கிப் போடாமல் ஒரு வவுச்சரின் பின்னால் ஒட்டி, தேதி, எதற்கு, யார் வாங்கினார், யார் ஒப்புதல் கொடுத்தார் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இதைச் சமையல் பொறுப்பாளருக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார். அடுத்த மாதம் வரும்போது சீட்டுகள் பாதி சரியாக இருக்கும். நான்காவது மாதம் அவர் கேட்கவே வேண்டியிருக்காது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு வரிக் கணக்கில் ஏற்கப்படாது என்பதும் அப்படித்தான் பழக்கத்துக்கு வரும். இரண்டு நாள் வகுப்பால் இது வராது. மாதாமாதம் அதே ஆள் அதே மேஜைக்கு வருவதால்தான் வருகிறது.

நான் இன்னும் பெரிதாக நினைக்கிற பலன் வேறொன்று. கணக்கு ஒழுங்கானதும் நிறுவனருக்கு ஒரு குழந்தைக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று தெரியவரும். உதாரணமாக, பகல்நேர மையம் ஒன்று ஒரு குழந்தைக்கு மாதம் 1,500 ரூபாய் என்று ஸ்பான்சர்களிடம் வருஷக்கணக்காகக் கேட்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடும் டீச்சர் சம்பளமும்தான் அந்தக் கணக்கில் இருக்கும். வாடகை, வேன் டீசல், ஆடிட்டர் ஃபீஸ், சிறப்பு ஆசிரியர் லீவில் போனால் வரும் மாற்று ஆளின் சம்பளம் எல்லாம் சேர்த்தால் 2,300 ஆகலாம். ஒவ்வொரு குழந்தையைச் சேர்க்கும்போதும் மாதம் 800 ரூபாய் பற்றாக்குறையும் சேர்ந்தே வந்திருக்கிறது. நிறுவனர் தன் நகையை அடகு வைத்து அதை அடைத்துக்கொண்டிருப்பார். இது கண்ணுக்குத் தெரிந்த பிறகு அவர் நன்கொடையாளரிடம் பேசுகிற விதமே மாறிவிடும். கூச்சத்தோடு உதவி கேட்டுக்கொண்டிருந்தவர் கணக்கை எடுத்து வைத்துப் பேசுவார்.

கம்பெனிகளோடு பேசும்போதும் இது உதவும். சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செய்யும் செலவு) விதியில் உள்ள 5 சதவீத உச்சவரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கானது. தொண்டு நிறுவனத்தின் செலவுக்கு அது வரம்பு கிடையாது. ஆனால் அதையே காட்டி நிறுவனங்களின் கையைக் கட்டுகிற கம்பெனிகள் இருக்கின்றன. கணக்கைப் பிரித்துக் காட்டத் தெரிந்தவரால்தான் இதை மேஜையில் உட்கார்ந்து மறுத்துப் பேச முடியும். 2014-ன் சிஎஸ்ஆர் விதிகளில் செயல்படுத்தும் நிறுவனங்களின் திறனை வளர்க்கவும் அந்த 5 சதவீதத்துக்குள் செலவழிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. 2021 திருத்தத்தில் அந்த வரி போய்விட்டது. உள்ளூர் நன்கொடையாளர்கள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். வெளிநாட்டு நிதியிலும் கதவு குறுகிவிட்டது. 2020-ல் திருத்தப்பட்ட எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய நிறுவனங்கள் வாங்கிச் சின்ன நிறுவனங்களைக் கைதூக்கிவிட்ட பழைய வழி அதோடு அடைபட்டது. பொதுக் கணக்காளர் திட்டத்தில் வெளிநாட்டுப் பணத்தைக் கலக்கவே வேண்டாம்.

எங்கே சிக்கல் வரும்

இந்த வழி தோற்பதற்கும் காரணங்கள் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐந்து நிறுவனங்களும் ஒரே நன்கொடையாளர்களிடம் போகிறவர்களாக இருக்கலாம். “நம்ம கணக்கைப் பார்த்தவர் நாளைக்கு அங்கே போய் உட்காருவாரே” என்ற பயம் நியாயமானது. அதனால் முதல் நாளே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்தின் கணக்கை அதன் டிரஸ்டிகளைத் தவிர வேறு யாரிடமும் கணக்காளர் பேசக்கூடாது. பணம் கொடுக்கிற உங்களிடமும்தான். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 10பிடி நேரத்துக்குப் போயிற்றா, தணிக்கை முடிந்ததா, மாதக் கணக்கு அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் மூடப்பட்டதா என்பவை மட்டுமே. இதற்குமேல் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் அவர்கள் உண்மையான புத்தகத்தைக் கணக்காளரிடமே காட்டமாட்டார்கள்.

யாருடைய ஊழியர் அவர் என்பதும் தீர்மானமாக வேண்டும். ஐந்தில் ஒரு நிறுவனத்தின் பெயரில் வேலைக்கு எடுத்தால் மற்ற நான்கும் மிச்ச நேரத்தைத்தான் பெறும். உங்கள் அறக்கட்டளையே நேரடியாக நியமிப்பது நல்லது. 85 சதவீதம்தான் ஏற்கப்படும் என்ற குறைப்பும் அதில் வராது. பதிவு இல்லாத நண்பர் குழு என்றால் ஊரில் கணக்கு எழுதித் தரும் அலுவலகம் ஒன்றோடு ஒப்பந்தம் போடலாம். ஆனால் தணிக்கை செய்யும் ஆடிட்டரின் அலுவலகமாக அது இருக்கக்கூடாது. எழுதியவரே சரிபார்ப்பது முறையில்லை.

மே மாதம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவர் வேண்டும். ஒவ்வொரு மாதமும் நன்கொடைப் பட்டியலை முடித்து வைத்திருந்தால் இந்த நெரிசல் வராது. முதல் வருஷம் மட்டும் கொஞ்சம் கஷ்டம்தான், கூடுதல் கைக்கு 10,000, 15,000 ரூபாய் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது, நிறுவனர் புத்தகத்தைத் திறக்கத் தயாரா என்பது. தயாராக இல்லாதவரை வற்புறுத்திச் சேர்க்க வேண்டாம். சேர்வதற்கு முன் ஒரு சின்ன நிபந்தனை வையுங்கள். முதல் ஆறு மாதம் இலவசம், ஏழாவது மாதத்திலிருந்து நிறுவனம் மாதம் 1,000 ரூபாய் தர வேண்டும், இரண்டாம் வருஷம் 2,000. தொகை பெரிதில்லை, ஆனால் ஐந்து நிறுவனமும் இப்படிக் கட்டினால் இரண்டு வருஷத்தில் 1,50,000 ரூபாய் சேரும். அது மூன்றாம் வருஷத்தின் பாதிச் செலவு. மூன்றாம் வருஷம் தலைக்கு மாதம் 2,500 ரூபாய் கட்டினால் ஒரு ரூபாய்கூட வெளியிலிருந்து வராமல் திட்டம் ஓடும். நான்காம் வருஷம் முழு 5,000-ஐயும் அவர்களே ஏற்க வேண்டிவரும். உண்மைச் செலவைச் சொல்லி நன்கொடை கேட்கத் தெரிந்த நிறுவனத்துக்கு அதற்குள் அந்தப் பலம் வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

முடிவெடுக்கும்போது

உங்கள் ஊரில் இருக்கும் நிறுவனங்களை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். போன மாதத்து ரொக்கப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டால் போதும். உடனே எடுத்துக் காட்டி, அதில் போன வாரம் வரை எழுதியிருந்தால் அவர்களுக்குப் பணமாகக் கொடுங்கள். மூன்று மாதம் பின்தங்கியிருக்கிறது, ஆனால் வெட்கத்தோடு எடுத்துக் காட்டுகிறார்கள் என்றால் பொதுக் கணக்காளருக்கு அவர்கள்தான் சரியான ஆட்கள். வரவு செலவு பெரிதாகி ஒருவரால் சமாளிக்க முடியாத நிலை என்றால் சொந்த ஆளுக்கான சம்பளம். பதிவே காலாவதியாகிவிட்டது, சொத்து வழக்கு இருக்கிறது என்றால் முதலில் வக்கீலும் ஆடிட்டரும், மற்றதெல்லாம் அப்புறம்.

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் ஜனவரியிலேயே நிறுவனங்களைச் சந்தித்து, பிப்ரவரியில் ஆளை எடுத்துவிடுங்கள். மார்ச் மாதம் முழுக்க அவர் ஐந்து இடத்துக்கும் சும்மா போய்வரட்டும், ஆட்களைப் பழகிக்கொள்ளட்டும். புது ரசீதுப் புத்தகங்களை மார்ச் கடைசி வாரத்துக்குள் அச்சடித்துக் கொடுத்துவிட வேண்டும். அதில் பான் அல்லது ஆதார் எண்ணுக்கு ஒரு கட்டம், எந்தச் செலவுக்கு என்பதற்கு ஒரு கட்டம். ஏப்ரல் 1 அன்று முதல் ரசீதே அந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டால் அடுத்த மே மாதத்து வேலையில் பாதி அன்றைக்கே முடிந்துவிடும்.